புதுசா பூல் வந்திருக்கு, போர் தண்ணி, பச்சை தட்டுது: என்ன போடணும், என்ன போடக்கூடாது

நீங்க கேட்டது சுருக்கமா இதுதானுங்க: அன்னூர் பக்கம் தோட்டத்தோட ஒரு வீடு வாங்கியிருக்கீங்க, கூடவே 8 மீட்டருக்கு 4 மீட்டர் பூல் ஒண்ணும் வந்துருச்சு, ஆழம் சராசரியா ஒன்றரை மீட்டர், ரொப்பறது போர் தண்ணி, மெயின்டெனன்ஸ் ஆள் வாரம் ரெண்டு வாட்டி வந்து மாத்திரை போட்டுட்டுப் போறாரு, ஆனாலும் பச்சை தட்டுது, குழந்தைங்களுக்கு கண்ணு எரியுது, டைல்ஸ்ல வெள்ளையா ஏடு கட்டுது, டெஸ்ட் கிட்ல குளோரின் 3, பிஹெச் (தண்ணி எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம்ங்கற அளவு) 8.2 காட்டுது, இதுக்கு எந்த கெமிக்கல் எவ்வளவு போடணும்னு.

இப்போதைக்கு ஒண்ணும் போடாதீங்க. நீங்க சொன்ன நாலு தொந்தரவும் தனித்தனி வியாதி இல்ல, கடைக்குப் போனா நாலுக்கும் நாலு டப்பா குடுத்துடுவாங்க, அதுல ரெண்டு டப்பா இருக்கிற பிரச்சனைய இன்னும் பெருசாக்கும். பூல் தண்ணில ஒரு விஷயம் பிடிபட்டாப் போதும், மத்ததெல்லாம் தானா புரிஞ்சிரும்: நீங்க ஊத்தறதுல செலவாகிப் போறது குளோரின் மட்டும்தான். அதுகூட வர்ற சுண்ணாம்பு, ஸ்டெபிலைசர் (வெயில்ல குளோரின் போகாம காக்கற மருந்து), உப்பு எல்லாம் அங்கயே தங்கிடும். வெயிலுக்கு ஆவியாகிப் போறதும் வெறும் தண்ணி மட்டும்தான். அதனால இன்னிக்கு எவ்வளவு போடறோம்ங்கறத விட, இதுவரைக்கும் போட்டதுல எது எவ்வளவு சேர்ந்து கிடக்குன்னு பாக்கறதுதான் முதல் வேலை.

மொதல்ல உங்க கொள்ளளவு. 8 x 4 x 1.5, அதாவது 48 கன மீட்டர், 48,000 லிட்டர். 1 பிபிஎம்னா ஆயிரம் லிட்டருக்கு 1 கிராம், அப்போ உங்க பூல்ல 1 பிபிஎம் குளோரின் ஏத்த சுத்தமான குளோரின் 48 கிராம் வேணும். 10% ஹைப்போ, அதாங்க கேன்ல வர்ற லிக்விட் குளோரின், அதுல ஏறக்குறைய அரை லிட்டர். டிசிசிஏ 90, அதாவது உங்க ஆள் போடற மாதிரி வெள்ளை மாத்திரையா இருந்தா 53 கிராம். இந்தக் கணக்க பம்ப் ரூம் செவுத்துல எழுதி வச்சிருங்க, ஆள் மாறினாலும் அது அங்க இருக்கும்.

அடுத்து உங்க கிட். கடையில மலிவா கிடைக்கிற கிட்ல மஞ்சள் கலர் வர்ற சொட்டு மருந்து ஒண்ணு, சிவப்பு ஒண்ணு இருக்கும். மஞ்சள் வர்றது மொத்தக் குளோரினைத்தான் காட்டும், அதுல எவ்வளவு வேலை செய்யற குளோரின், எவ்வளவு வேர்வை யூரின் எண்ணெய் இதுங்களோட சேர்ந்து செத்துப்போன குளோரின்னு பிரிச்சுக் காட்டாது. உங்க 3-ல ரெண்டு செத்ததா இருந்தாலும் தெரியாது. கண்ணு எரியறதும், பக்கத்துல போனாலே "குளோரின் வாசம்" தூக்கி அடிக்கறதும் பெரும்பாலும் இந்த செத்த குளோரினாலதான், குளோராமின்னு சொல்லுவாங்க. வாசம் அடிக்குதேன்னு குளோரினைக் குறைக்கிறவங்க நிறைய பேர், உண்மையில அங்க குளோரின் பத்தாம இருக்கு. டிபிடி கிட் வாங்குங்க, முதல் மாத்திரை போட்டா ஃப்ரீ குளோரின், அதாவது வேலை செய்யற குளோரின், ரோஸ் கலர்ல வரும், அதுலயே மூணாம் நம்பர் மாத்திரை போட்டா மொத்தம் வரும், கழிச்சா வர்றது செத்த கணக்கு. அது 0.5-க்கு மேல இருக்கக் கூடாது.

இந்த டிபிடில ஒரு கோளாறு உண்டு. குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா ரோஸ் கலர் ஒரு நொடி பளிச்சுன்னு வந்து உடனே வெளுத்துரும், பாத்தா சீரோ மாதிரி தெரியும், ஆளுங்க இன்னும் ரெண்டு லிட்டர் ஊத்திருவாங்க. சந்தேகமா இருந்தா பூல் தண்ணி ஒரு பங்குக்கு நாலு பங்கு கேன் வாட்டர் கலந்து டெஸ்ட் பண்ணி வர்றத அஞ்சால பெருக்கிப் பாருங்க. அதே மாதிரி குளோரின் அதிகமா இருக்கும்போது பிஹெச் பாக்கற சிவப்பு மருந்து ஊதா கலருக்குப் போயிரும், பிஹெச் எகிறிடுச்சுன்னு ஆசிட் ஊத்திராதீங்க, குளோரின் இறங்கினப்புறம் பாருங்க.

இப்ப மாத்திரை விஷயம், உங்க பச்சை கலருக்கு நான் சந்தேகப்படறது இதத்தான். அந்த வெள்ளை மாத்திரை டிசிசிஏ, அதுல குளோரினோட சயனூரிக் ஆசிட் சேர்ந்தே வருது, ஸ்டெபிலைசர்னு சொல்றது அதைத்தான். அது வெயில்ல குளோரினுக்குக் குடை பிடிக்கிற மாதிரி, இல்லன்னா நம்ம ஊர் மே மாச வெயில்ல காலையில போட்ட குளோரின்ல பெரும்பகுதி ரெண்டு மூணு மணி நேரத்துலயே போயிரும். 30-லருந்து 50 பிபிஎம் வரைக்கும் இருந்தா நல்லது. ஆனா மாத்திரையில 10 பிபிஎம் குளோரின் ஏறினா கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசரும் ஏறிரும். ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரின் செலவுன்னு வச்சா மாசத்துக்கு 36 பிபிஎம், மூணே மாசத்துல 100-ஐத் தாண்டிரும். பழைய ஓனர் எத்தன வருஷமா இதையே போட்டாரோ. ஸ்டெபிலைசர் ஏற ஏற குளோரினை அது இறுக்கிப் பிடிச்சுக்கும், பாசியக் கொல்ல விடாது. தோராயமா ஸ்டெபிலைசர்ல 7, 8 சதவீதம் ஃப்ரீ குளோரின் எப்பவும் இருக்கணும். 40-க்கு 3 போதும், 120 இருந்தா 9 வேணும். உங்ககிட்ட 3 இருக்குன்னு கிட் சொல்லுது, அதுலயும் எவ்வளவு நிஜம்னு தெரியாது. மாத்திரை போட்டுட்டே இருக்கும்போது பச்சை தட்டறது இப்படித்தாங்க.

ஸ்டெபிலைசர் டெஸ்ட் தனி. தண்ணியையும் அந்த மருந்தையும் சரிபாதி கலந்தா பால் மாதிரி கலங்கும், அடியில கருப்புப் புள்ளி வச்ச குழாய்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, மேல இருந்து பாக்கறப்ப புள்ளி எப்ப மறையுதோ அந்த அளவுக்கு நேரா இருக்கற நம்பர். வெளிச்சத்துல நின்னு பாருங்க, பம்ப் ரூம் இருட்டுல பாத்தா வேற நம்பர் வரும். தண்ணில முக்கிப் பாக்கற டெஸ்ட் ஸ்ட்ரிப்ல ஸ்டெபிலைசர் காட்டற கட்டத்த நான் நம்பறதில்ல. குழாய்ல 100-னு போட்ட கோட்டத் தொடறதுக்கு முன்னாடியே புள்ளி மறைஞ்சா 100-க்கு மேலன்னு அர்த்தம், அப்ப மறுபடியும் பாதிக்குப் பாதி நல்ல தண்ணி கலந்து பாத்து ரெண்டால பெருக்கணும்.

அது 100-க்கு மேல வந்தா, வீட்டுல செய்யக்கூடிய வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான், தண்ணிய மாத்தறது. 120 இருந்து 50-க்குக் கொண்டு வரணும்னா 60 சதவீதம் வெளிய போகணும், உங்களுக்கு 29,000 லிட்டர். அத மறுபடியும் போர்ல ரொப்பினீங்கன்னா ஒரு குழியில இருந்து இன்னொரு குழி, ஏன்னா வெள்ளை ஏடு பிரச்சனை அங்கதான் இருக்கு.

அன்னூர் பக்கம் ஆழமான போர்ல வர்றது நாம சொல்ற உப்புத் தண்ணி. ஆல்கலினிட்டியும் (பிஹெச்ச சுலபமா இறங்க விடாத கார அளவு) கால்சியம் ஹார்ட்னஸும் (கரைஞ்சிருக்கற சுண்ணாம்பு அளவு) ரெண்டுமே தூக்கலா இருக்கும். மொதல்ல போர் தண்ணியத் தனியா, குழாயடியில புடிச்சு டெஸ்ட் பண்ணுங்க, நிறைய பேர் பூல் தண்ணிய மட்டும்தான் பாக்கறாங்க. ஹார்ட்னஸ் 600 இருக்குன்னே வச்சுக்குவோம். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கும்போதோ கோடையிலயோ ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாச்சுன்னா, உங்க 32 சதுர மீட்டர் பரப்புக்கு 190 லிட்டர் சொச்சம். அத போர்ல ஈடு கட்டினா தினமும் ஏறக்குறைய 115 கிராம் சுண்ணாம்பு உள்ள போகுது, பூல் முழுசுக்கும் பாத்தா நாளைக்கு 2.4 பிபிஎம், நூறு நாளைக்கு 240. நீங்க ஒரு கெமிக்கலும் போடாமலே. பிளீச்சிங் பவுடரும் கால்சியம் ஹைப்போவும் (இது தூளா வர்றது, கேன்ல வர்ற ஹைப்போ இல்ல) போட்டா அதுலயும் சுண்ணாம்புதான் வருது, உங்க பூலுக்கு அது ரெண்டும் வேண்டாம். மென்மையான தண்ணி இருக்கற இடத்துல கால்சியம் ஹைப்போ அருமையான சரக்கு, உங்களுக்குத்தான் ஒத்து வராது.

டைல்ஸ் ஏடு மேல ரெண்டு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்க, கையுறை போட்டுட்டு. பொசுபொசுன்னு நுரைச்சா அது கால்சியம் கார்பனேட். பெரும்பாலும் பிஹெச் 7.8-க்கு மேல போகும்போது அது தண்ணில நிக்க முடியாம சுவத்துல ஒட்டுது. கால்சியம் 200-லருந்து 400 வரைக்கும் சொகமான அளவு. அதுக்காக 500, 550 இருந்தா பூலையே காலி பண்ணணும்னு இல்ல, பிஹெச்ச 7.2 - 7.4-லயும் ஆல்கலினிட்டிய 60, 70-லயும் புடிச்சு வச்சா ஏடு கட்டாம ஓட்டிரலாம். கால்சியம் ஒரு நம்பர், பிஹெச் ஒரு நம்பர், ஆல்கலினிட்டி ஒரு நம்பர்னு தனியா பாக்காம மூணையும் சேத்துப் பாக்கறதுக்கு 1936-ல லாங்கிலியர்ங்கறவர் ஒரு இன்டெக்ஸ் குடுத்தாரு, பைப்புக்காகப் போட்ட கணக்கு, இன்னிக்கும் பூல்காரங்க அதத்தான் வச்சிருக்காங்க. போன்ல இலவசமா ஆப்பே இருக்கு, நம்பரப் போட்டா சொல்லிரும். அதுல தண்ணி ரொம்ப மென்மையா இருக்கறதும் தப்பு, அப்ப டைல்ஸ் நடுவுல இருக்கற க்ரவுட்ட அரிக்கும்.

உங்க பிஹெச் ஏன் 8.2-லயே நிக்குதுன்னா ஆல்கலினிட்டி அதிகம், அதுல கரைஞ்சிருக்கற கார்பன் டை ஆக்சைடு கொஞ்சங்கொஞ்சமா காத்துல போயிட்டே இருக்கும், போகப் போக பிஹெச் ஏறும். நீங்க ஆசிட் ஊத்தினா இறங்கும், மூணு நாள்ல மறுபடி ஏறும், ஆளுங்க இதப் பாத்துட்டு ஆசிட் வேலை செய்யலன்னு நினைப்பாங்க. வேலை செய்யுது, ஒவ்வொரு வாட்டியும் ஆல்கலினிட்டியக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டு இருக்கு. உங்க பூல்ல 10 பிபிஎம் ஆல்கலினிட்டி குறைய 33% ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 900 மில்லி சொச்சம் வேணும். பிஹெச் 7.2 வர்ற வரைக்கும் ஆசிட், அப்புறம் ரிட்டர்ன் ஜெட்ட (ஃபில்டர்லருந்து தண்ணி பூலுக்குத் திரும்பி வர்ற வாய்) மேல பாக்கத் திருப்பி விட்டு தண்ணிய நல்லா கொப்பளிக்க விடுங்க, பிஹெச் மட்டும் ஏறும் ஆல்கலினிட்டி ஏறாது, மறுபடி ஆசிட். ஆல்கலினிட்டி 80-க்கு (கால்சியம் 500-க்கு மேலன்னா 60, 70-க்கு) வர்ற வரைக்கும் இதேதான். பொறுமை வேணும், ஒரே நாள்ல முடிக்கப் பாக்காதீங்க, ஒரு தடவைக்கு ஒரு லிட்டருக்கு மேல வேண்டாம், பம்ப் ஓடிட்டே இருக்கணும், நாலு மணி நேரம் கழிச்சு அளந்துட்டு அடுத்தது. பாத்ரூம் கழுவற மஞ்சள் ஆசிட் வாங்காதீங்க, அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்பு.

பிஹெச் ஏன் முக்கியம்னா, குளோரின்ல கிருமியக் கொல்ற பாகம் 7.5-ல பாதிக்குப் பாதி இருக்கும், 8.2-ல ஆறுல ஒரு பங்குதான். ஸ்டெபிலைசர் இருந்தா இந்தக் கணக்கு அவ்வளவு செங்குத்தா இறங்காது, ஆனாலும் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவுல இருக்கட்டும்.

இப்ப வரிசையா என்ன செய்யறதுன்னு. ஸ்டெபிலைசர் 100-க்கு மேல வந்தா பாதிக்கு மேல தண்ணிய இறக்குங்க, ரொப்பறதுக்கு லாரித் தண்ணி சொல்லுங்க, சிறுவாணி மாதிரி ஆத்துத் தண்ணியா இருந்தா ரொம்ப நல்லது, 12,000 லிட்டர் லாரி ரெண்டரை வேணும். லாரிக்காரரும் வேற ஒரு போர்லருந்துதான் கொண்டு வர்றாருன்னா காசு தண்டம், அதனால முதல் லாரி வந்ததும் ஒரு டம்ளர் புடிச்சு ஹார்ட்னஸ் பாத்துட்டு அப்புறம் ஹோஸ மாட்டச் சொல்லுங்க. ஆனா ஒரு எச்சரிக்கை, மழைக்காலத்துல நிலத்தடி நீர் மேல வந்து நிக்கற இடமா இருந்தா பூலை முழுசாக் காலி பண்ணக் கூடாது, கீழ இருந்து தண்ணி அழுத்தி தொட்டியவே தூக்கி விரிசல் விட வச்சிரும். அந்த மாதிரி இடத்துல பாதி பாதியா மாத்தறது நல்லது.

ரொப்பினதும் பிஹெச்ச 7.2-க்குக் கொண்டு வந்துட்டு, பாசிக்கு ஹைப்போ மட்டும் போடுங்க, மாத்திரை வேண்டாம். ஸ்டெபிலைசர் 50 இருந்தா குளோரினை 20-க்கு ஏத்தணும், சீரோவிலருந்துன்னா 10% ஹைப்போ 9, 10 லிட்டர். பொழுது சாய்ஞ்சப்புறம் ஊத்துங்க. சுவரு, படிக்கட்டு, ஏணிக்குப் பின்னாடி, லைட் ஓரம் எல்லாம் ப்ரஷ் போட்டுத் தேய்க்கணும், பாசி மேல ஒரு வழுவழுப்பு இருக்கும், அதத் தேய்ச்சு உடைக்காம குளோரின் உள்ள போகாது. ஒரு நாள் ஊத்திட்டு விட்டா செத்தது பாதி பொழைச்சது பாதின்னு திரும்ப வந்துரும், தினமும் ரெண்டு மூணு வாட்டி அளந்து 20-லயே நிறுத்துங்க. எப்ப முடிஞ்சதுன்னா: தண்ணி தெளிவா இருக்கணும், செத்த குளோரின் 0.5-க்குள்ள இருக்கணும், ராத்திரி அளந்ததுக்கும் விடியக்காலம் வெயில் வர்றதுக்கு முன்னாடி அளந்ததுக்கும் வித்தியாசம் 1-க்கு மேல போகக்கூடாது. ராத்திரியில வெயில் இல்ல, யாரும் குளிக்கல, அப்புறமும் குளோரின் குறையுதுன்னா உள்ள இன்னும் ஏதோ உசுரோட இருக்குன்னு அர்த்தம். அது வரைக்கும் குழந்தைங்கள இறக்காதீங்க, குளோரின் 20-லருந்து வழக்கமான அளவுக்குத் தாழ்ந்து வந்தப்புறம் விடுங்க.

குளோரின் போட்டதும் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துட்டே டீ கலருக்கோ பச்சைக்கோ போனா அது பாசி இல்ல, போர் தண்ணில இருக்கற இரும்பு துரு ஆகுது, இல்ல செம்பு. பச்சைன்னா யாராவது மயில்துத்தம் போட்டிருக்காங்களான்னு உங்க ஆளக் கேளுங்க. நம்ம பக்கம் பழைய ஆளுங்க பாசிக்குக் கொஞ்சம் மயில்துத்தம் தூவற பழக்கம் இருக்கு, பாசி போகும், வாஸ்தவம்தான், ஆனா செம்பும் அங்கயே தங்கிடும், பிஹெச் ஏறினா சுவத்துல கறையா இறங்கும், வெளுத்த முடி, நரைச்ச முடிக்கெல்லாம் பச்சை சாயம் ஏறும். படிகாரம் அப்படி மோசமில்ல, கலங்கல அடியில இறக்கித் தரும், ஆனா பிஹெச்சும் ஆல்கலினிட்டியும் இறங்கும், இறங்கின வண்டல ஃபில்டர் வழியா விடாம வேஸ்ட் லைன்ல போட்டு வேக்குவம் பண்ணணும். இல்லன்னா ஃபில்டர் மணல் எல்லாம் கட்டி தட்டிரும்.

இது முடிஞ்சதும் தினசரி வேலை ரொம்ப சுலபம். சாயங்காலம் ஒரு டெஸ்ட், ஒரு லிட்டர் ஒன்றரை லிட்டர் ஹைப்போ, வாரம் ஒரு வாட்டி பிஹெச் பாத்து கொஞ்சம் ஆசிட். ஹைப்போல மிஞ்சறது வெறும் உப்புதான், அது ஆயிரக் கணக்குல சேர்ற வரைக்கும் கவலை இல்ல. ஆனா ஹைப்போ வெயில்ல பலம் போயிரும், பெரிய கேனா வாங்கி மாசக்கணக்குல வைக்காதீங்க, புதுச் சரக்கா கொஞ்சமா வாங்கி நிழல்ல வைங்க. ஊருக்குப் போற பத்து நாளைக்கு மட்டும் மிதக்கற டப்பால மாத்திரை போட்டுட்டுப் போங்க, அதுக்கு அது நல்ல பொருள். ஸ்கிம்மர் கூடைக்குள்ள (மிதக்கற இலை குப்பைய இழுத்துப் புடிக்கற கூடை) போடாதீங்க, பம்ப் நின்னிருக்கற நேரம் கரைஞ்ச ஆசிட் தண்ணி பைப்புலயே தேங்கி, ஓட ஆரம்பிச்சதும் மொத்தமா பம்புக்குள்ள போகும்.

உங்க ஆளு ஒரே மக்குல எல்லாத்தையும் அள்றாரான்னு கவனிங்க, இத நான் சும்மா சொல்லல. டிசிசிஏ அள்ளின ஈர மக்குல பிளீச்சிங் பவுடரோ கால்சியம் ஹைப்போவோ அள்ளினா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஹைப்போவும் ஆசிடும் கலந்தா குளோரின் வாயு, மூடின பம்ப் ரூம்ல ஆளையே சாய்ச்சிரும். ஒவ்வொண்ணுக்கும் தனி மக்கு, ஆசிட் கேன் தனி இடத்துல, பக்கெட்ல மொதல்ல தண்ணி அப்புறம் ஆசிட், மாத்தி ஊத்தக்கூடாது.

எண்ணெய் தேய்ச்சுட்டு நேரா பூல்ல குதிக்கறத நிறுத்துங்க, ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வந்துட்டுப் போனா திங்கக்கிழமை குளோரின் காணாம போறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு நிமிஷம் ஷவர்ல நின்னுட்டு வரச் சொல்லுங்க. 2024-ல கேரளாவுல அமீபா மூளைக் காய்ச்சல் செய்தி வந்ததுலருந்து நிறைய பேர் பூலப் பாத்து பயப்படறாங்க, ஃப்ரீ குளோரின் ஒழுங்கா இருக்கற பூல்ல அது பொழைக்காது, பயப்பட வேண்டியது பாசி புடிச்சுக் கிடக்கற தண்ணிக்குத்தான்.

ஆல்கலினிட்டி கூட்டறதுக்குன்னு கடையில விக்கற டப்பா வெறும் சமையல் சோடாதான், போர் தண்ணி இருக்கற வரைக்கும் உங்களுக்குத் தேவைப்படாது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் 60-க்குக் கீழ போனா மட்டும் 10 பிபிஎம்முக்கு 800 கிராம் போட்டுக்கங்க. அந்த மழை உங்களுக்கு லாரிக் காசு மிச்சம், கொட்டப் போகுதுன்னு தெரிஞ்சா முந்தின நாளே அரை அடி இறக்கி வச்சு வானத்துத் தண்ணிய வாங்கிக்கங்க, கூரைத் தண்ணிய மட்டும் நேரா விட்டுராதீங்க, தூசியும் காக்கா எச்சமும் சேர்ந்து வரும்.

ஃபில்டர் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலயே. மணல் ஃபில்டரா, சுத்தமா இருக்கும்போது பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுது, பம்ப் எத்தன மணி நேரம் ஓடுது? சுத்தமா இருந்தப்ப காட்டினத விட 8, 10 பிஎஸ்ஐ ஏறினா பேக்வாஷ் விடணும், அதாவது தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு ஃபில்டரக் கழுவணும், உங்க அளவுக்கு ஒரு நாளைக்கு 6-லருந்து 8 மணி நேரமாவது ஓடணும், பாசி அடிக்கற நாள்ல இருபத்துநாலு மணி நேரமும். அதையும், போர் தண்ணியோட ஹார்ட்னஸ் ஆல்கலினிட்டி ரெண்டையும், பூலோட ஸ்டெபிலைசரையும் அளந்து சொல்லுங்க, எத்தன லாரி, எத்தன லிட்டர் ஆசிட்னு அப்ப சரியா சொல்றேன்.